ஈரத்தில் வைப்பதா, காய்ந்தபின் வைப்பதா: மோனேயின் இரண்டு வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் தோன்றிய இம்ப்ரெஷனிச ஓவியப் பாணியின் நிலக்காட்சியில், நிறங்களைப் பேலட்டில் (வண்ணம் குழைக்கும் பலகை) முழுக்கக் குழைத்து ஒன்றாக்குவது குறைவு. தனித்தனித் தீற்றல்களாகக் கேன்வாஸில் அருகருகே வைத்துவிட்டால், தள்ளி நின்று பார்க்கும்போது கண் கலந்துகொள்ளும். எண்ணெய் வண்ணத்தில் இதை ஈரத்தின் மேலேயே வைக்கலாம், காயவிட்டும் வைக்கலாம். இரண்டையும் அந்தப் பாணியின் முன்னோடி, பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயிடம் கற்கலாம்.

1869 கோடையில் பாரிஸுக்கு அருகே, சேன் நதியில் லா கிரெனுயேர் என்ற குளியல் துறையை மோனேயும் சக ஓவியர் ரெனுவாரும் அருகருகே இருந்து வரைந்தார்கள். மோனேயின் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தண்ணீரைப் பாருங்கள். பட்டைப் பிரஷால் படுக்கைவாட்டில் இழுத்த தடித்த தீற்றல்கள், வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி. அலை அசைவதுபோல் தெரிவது, ஈரத்தின் மேலேயே சட்டென இழுத்த அந்த வேகத்தால்தான். ஆனால் ஈரத்தில் ஆபத்தும் உண்டு. நீலத்தின் மேல் ஆரஞ்சை இரண்டு தடவை இழுத்தால் சாம்பல் சேறுதான் மிஞ்சும். பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரஷைத் துணியில் துடைக்க வேண்டும்.

1890, 91இல் மோனே குடியிருந்த ஜிவெர்னி கிராமத்தில் வரைந்த வைக்கோற்போர் வரிசை வேறு ரகம். வெளியில் தொடங்கிய படங்களை மோனே ஸ்டூடியோவில் வைத்து மேலும் மேலும் தீட்டினார். காய்ந்த பூச்சின் மேல் பிரஷைப் படுக்கவைத்து லேசாக இழுத்தால், மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்களில் அடிநிறம் அப்படியே தெரியும். வயலுக்கு முதலில் இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு பூசிக் காயவிட்டு, மேலே பச்சையை இப்படி இழுத்துப் பாருங்கள். இடையிடையே எட்டிப்பார்க்கும் ஆரஞ்சு, பச்சைக்கு வெயில் ஏற்றும். டியூபிலிருந்து எடுத்த பச்சையை மட்டும் அப்படியே பூசினால் இது கிடைக்கவே கிடைக்காது. பொறுமை வேண்டும்: மெல்லிய பூச்சு தொடும்படி காயவே சில நாள் ஆகும். மேல் பூச்சில் எண்ணெய், அடிப்பூச்சைவிடக் குறையக்கூடாது. குறைந்தால் பின்னால் பூச்சில் வெடிப்பு விழும்.

தண்ணீருக்கும் ஓடும் மேகத்துக்கும் ஈர வழியே சரி. வயல், மரம், சுவர் என்றால் தயங்காமல் காய்ந்த வழிக்குத்தான் என் ஓட்டு. இம்ப்ரெஷனிசம் என்றாலே இடத்திலேயே ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்று பலர் நம்புவதால்தான் இத்தனை படங்கள் சேறாகின்றன. ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்கிறதா? தீற்றல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு ஈரத்தில் வரைந்து வாருங்கள். காய்ந்தபின் வீட்டில் எதிர்நிறங்களை (நீலத்துக்கு ஆரஞ்சு போல) இழுங்கள். எல்லா இடைவெளியையும் அடைத்துவிடாதீர்கள்.