பாசிக்குடாவில் நான்கு நாள்: 8 கிலோ ஈயம் 5 ஆன கதை

போன வருடம் வேறோர் ஊரில் முதன்முதலாகச் சுழியோடிப் பார்த்தேன். உடம்பு மிதக்காமல் தாழ இடுப்பில் 8 கிலோ ஈயத்தைக் கட்டிவிட்டு, மணலில் முழங்காலில் இருக்க வைத்தே எல்லாவற்றையும் சொல்லித் தந்தார்கள். நீந்தச் சொன்னதும் தலை மேலே, கால் கீழே என்று நின்றபடிதான் நகர்ந்தேன். காலில் மாட்டிய ஃபின் (துடுப்பு) அடித்த அடியில் மணல் கிளம்பியது. ஒரு முருகைக்கல் கிளையும் முறிந்துவிட்டது. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

இந்த மே மாதம், இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பாசிக்குடாவில் படித்த இடம் நேர்மாறு. பயிற்றுநர் வாழைச்சேனைத் தம்பி ஒருவர். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் ஆழமாகாது, அதனால் படகில் கொஞ்சம் வெளியே கூட்டிப் போனார். முதல் நாள் காலை முழுக்க ஈயத்திலேயே போனது. மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று அடைக்கும் ஜாக்கெட்டில் காற்று இல்லாமல், வழமையான மூச்சோடு நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார் (அழுத்த அலகு) இருக்கும்போது இறங்கி 50 பாரில் ஏறும்போது, காற்றுத் தீர்ந்த அளவுக்குச் சிலிண்டர் ஏறத்தாழ 2 கிலோ இலேசாகிவிடுமாம். கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் தரிக்கும்போது அது நம்மை மேலே தூக்கிவிடக் கூடாது. அந்த 2 கிலோவையும் சேர்த்தே எனக்கு 5 கிலோதான் வந்தது!

அப்படியும் கால் தாழ்ந்தது. இரண்டு கிலோவை இடுப்பிலிருந்து எடுத்து, சிலிண்டர் பட்டியில் தோள்பக்கமாக மாட்டிவிட்டார். அவ்வளவுதான், உடம்பு பாய் விரித்த மாதிரிக் கிடையாக வந்துவிட்டது. முழங்காலை மடக்கி, தவளை போலக் காலை அகட்டி உதைக்கப் பழகினேன். மணல் அசையவே இல்லை.

கஷ்டப்பட்டது மூச்சில்தான். மேலே போக ஜாக்கெட்டுக்குக் காற்று அடிப்பேன், உடனே விடுவேன், திரும்ப அடிப்பேன். "இழுத்த உடனே ஏற மாட்டீங்க அக்கா. ரெண்டு மூணு செக்கன் பிந்தித்தான் ஏறுவீங்க, பொறுங்க. மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க" என்றார். பொத்தானை விட்டேன். நிதானமாக இழுத்து நிதானமாக விட்டதும் ஒரு முழம் ஏறி, ஒரு முழம் இறங்கி, ஒரே இடத்தில் நின்றேன். முகக்கண்ணாடிக்குள் வந்த தண்ணீரைப் போக்கப் பழகியதும் அப்படி மிதந்தபடியேதான். முழங்கால் மணலில் படவில்லை.

நான்காம் நாள் 9 மீட்டரில் முருகைக்கற்களுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு போனேன். முன்பு 28 நிமிடத்தில் தீர்ந்த காற்று 46 நிமிடம் வந்தது. 1942இல் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற கப்பலுக்குக் கூட்டிப் போகக் கேட்டேன். "அது 20 மீட்டருக்கு மேல ஆழம், அடுத்த பயிற்சி முடிங்க" என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பால்தான் அவர்மேல் நம்பிக்கை கூடியது.

ஒரு குறை உண்டு. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும்தான். தம்பி தமிழில் விளக்கினாலும், நம் பிள்ளைகள் வீட்டில் திருப்பிப் படிக்கத் தமிழில் நாலு தாளாவது அச்சடித்துக் கொடுக்கலாம். போகிறவர்கள் செப்டெம்பருக்குள் போங்கள். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கலங்கிவிடும்.