ஆஷ்டவுன் காட்டுக்குக் கொடுத்த நன்கொடை

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் ஆஷ்டவுன் காட்டைப் பேண நன்கொடை கொடுப்பவர், அது மரம் நடுவதற்கான பணம் என்று எண்ணினால் சற்றே திகைப்பார்; அங்கே மரத்தை அகற்றுவதும் பராமரிப்பு வேலைதான். பெயரில் காடு இருந்தாலும் நிலத்தின் பெரும்பகுதி ஹெதர் என்னும் குட்டைப் பூச்செடிகள் படர்ந்த திறந்தவெளி. மேய்ச்சல் குறைந்தால் பிர்ச் மரக்கன்றுகளும் பெரணியும் மேலேறி, தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆகவே செம்மறிகளையும் மட்டக்குதிரைகளையும் மேயவிடுகிறார்கள்.

இந்நிலம் துண்டுதுண்டாக விற்கப்படும் அபாயம் எழுந்தபோது, 1988இல் அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்டி மன்றம் பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்து அதை வாங்கியது. வாங்குவதற்குத் திரண்ட உற்சாகம் ஆண்டுதோறும் பிர்ச்சையும் பெரணியையும் வெட்டுவதற்குத் திரள்வது கடினம்; மரக்கன்றுடன் படம் எடுத்துக்கொள்ளலாம், வெட்டிய கட்டையுடன் யார் எடுத்துக்கொள்வார்? ஆனாலும் ஆகஸ்டில், கணுக்கால் உயரத்தில் ஊதா நிறத்தில் பூத்து, காலணியின் கயிற்றிடுக்கில் சிக்கிக்கொள்ளும் ஹெதரின் அந்தச் சின்னஞ்சிறு மணிப்பூக்களைப் பார்த்தபின், கொடுத்த தொகையைக் குறித்து எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஒருமுறை பெருந்தொகையாக அல்லாமல், மாதந்தோறும் சிறுதொகையாகக் கொடுப்பதையே பரிந்துரைக்கிறேன். பிர்ச் ஒவ்வோர் ஆண்டும் முளைக்கிறது.