மீன்பிடி போட்டுக்கு சோலார் போடப்போறவங்க வாங்குறதுக்கு முந்தி இதைப் படிங்க, எங்களுக்கு 78,500 ரூபா போச்சு

78,500 ரூபா மக்களே. அந்தக் கடையில போய் சத்தம் போட்டுட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கல, இதை எழுதிட்டுத்தான் மத்தது.

எங்களுக்கது ஆழ்கடல் தங்கல் போட்டு. நம்ம குமரிக் கரை வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஆளுங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டாம், கொச்சி தோப்பும்படி ஹார்பர்ல இருந்து இறங்குனா வாரக்கணக்குல கடல்தான், சமையல் படுக்கை எல்லாம் அதுக்குள்ளதான். ராத்திரி எஞ்சினை அணைச்சிட்டா லைட்டு, ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாமே பேட்டரியில ஓடணும். எஞ்சின் ஓடுனா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தும், ஆனா அதுக்குன்னு டீசலை எரிக்க இப்ப உள்ள விலையில முடியுமா? அதான் அண்ணன் சோலார் போடலாம்னு சொன்னான், மைனிக்க வளையலை பாங்கில வச்சுத்தான் பணம் எடுத்தோம்.

கடை பேரு எழுதல, மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சோலார் இன்வெர்ட்டர் கடைன்னு மட்டும் வச்சுக்கோங்க. 330 வாட் பேனல் ரெண்டு, 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி (லெட் ஆசிட் வகைதான்) ரெண்டு, பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்குற 60 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலர், வயரிங், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துத்தான் 78,500. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், "தம்பி, எனக்க அப்பாவும் கடல்ல போனவருதான், கடல்காரங்ககிட்ட நான் லாபம் பாக்கமாட்டேன்"னு சொன்னார். அந்த ஒரு பேச்சுலதான் அண்ணன் அப்படியே நம்பிட்டான். கண்ட்ரோலரை மேசையில வச்சு சுவிட்சைப் போட்டுக் காட்டுனார், டிஸ்ப்ளேயில எம்பிபிடின்னு நீல வெளிச்சத்துல எழுத்து வந்துச்சு, "பாத்துக்கோங்க, ஒரிஜினல்"னார். நானும் பக்கத்துலதான் நின்னேன்.

கடலுக்குப் போன கொஞ்ச நாள்லயே பேட்டரி இறங்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல வெயில் அடிச்ச நாள்லகூட சாயங்காலம் 12.1 வோல்ட் தாண்டல, விடியக்காலம் 11.6, வயர்லெஸ்ல பேச பட்டனை அமுக்குனா செட்டே அணைஞ்சு போகுமாம். கடைசியில வயர்லெஸுக்கு சார்ஜ் ஏத்தவே எஞ்சினை ஓட்டி டீசலை எரிச்சிருக்காங்க. 2017 நவம்பர் 30 ஓக்கி புயலை மறந்துட்டீங்களா? நடுக்கடல்ல நின்ன போட்டுங்களுக்கு தகவல் எட்டாம போனதுக்கு நம்ம கரையில எத்தனை வீடு இருண்டு போச்சு. அதுக்கப்புறமும் ஒருத்தன் நம்ம வயர்லெஸ் பேட்டரியில கை வைக்கான்னா அவனை என்னன்னு சொல்ல.

தோப்பும்படியில ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் கண்டுபிடிச்சார். உச்சி வெயில்ல மீட்டர் வச்சா பேனல் பக்கம் 13.1 வோல்ட், பேட்டரி பக்கம் 12.9. கிளாம்ப் மீட்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே ஆம்பியர், 17 கிட்ட. அப்பவே சொல்லிட்டார் இது எம்பிபிடி இல்ல, சாதா பிடபிள்யூஎம் கண்ட்ரோலர்னு. விஷயம் என்னன்னா 330 வாட் பேனல் முழு பவர் தர்றது 37 வோல்ட் கிட்ட. உண்மையான எம்பிபிடி அந்த 37ஐ இறக்கி ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும், ரெண்டு பேனலுக்கு 40 ஆம்பியருக்கு மேல வரணும். பிடபிள்யூஎம் பேனலையே இழுத்து பேட்டரி வோல்ட்டுக்கு உக்கார வச்சிரும், பாதிக்கு மேல பவர் வீண். பெட்டியைத் திறந்து போட்டோ அனுப்பினார், உள்ள செம்புக்கம்பி சுத்துன தடி காயில் இருக்க வேண்டிய இடம் காலியா கிடக்கு, சின்ன போர்டு ஒண்ணு, அதுல நாலஞ்சு ட்ரான்சிஸ்டர், அவ்வளவுதான். முழுசா சார்ஜ் ஏறாமலே கிடந்ததால ரெண்டு பேட்டரியும் உள்ள தகட்டுல சல்பேட் பிடிச்சு கெட்டுப் போச்சு. புது பேட்டரி!

கடைக்கு போன் போட்டா முதல்ல "மழை மேகமா இருக்கும் தம்பி". அப்புறம் "பிட்டிங் பண்ணுன பையன் வேலையை விட்டுப் போயிட்டான்". அப்புறம் "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கு". நேர்ல போனா "உப்புக் காத்து பட்டா வாரண்டி கிடையாது"ங்கான், போட்டுக்குன்னு சொல்லித்தானே வாங்குனோம்! பில்லுல பாத்தா "சோலார் செட் 1"னு மட்டும்தான் இருக்கு, மாடல் நம்பரும் இல்ல சீரியல் நம்பரும் இல்ல. இன்னைக்கு உச்சகட்டமா இன்னொரு 60,000 கொடு, லித்தியம் போட்டு ஆல்டர்னேட்டர்ல நேரா கொடுத்திரலாம்னு என்கிட்டயே விக்கப் பாத்தான். லித்தியத்தை அப்படி நேரா கொடுத்தா அது இழுக்குற ஆம்பியருல ஆல்டர்னேட்டர் சூடாகி கருகும், நடுவுல ஆம்பியரைக் கட்டுப்படுத்துற டிசி டிசி சார்ஜர் வேணும், பேட்டரி உள்ள அதைக் காக்க இருக்க பிஎம்எஸ் போர்டு திடீர்னு கட் பண்ணுனா ஆல்டர்னேட்டர் டயோடும் போகும். இதுகூட தெரியாமலா கடை நடத்துதான், இல்ல தெரிஞ்சேதானா?

சரி, வாங்கப்போறவங்களுக்கு சொல்லிருதேன். டிஸ்ப்ளே எழுத்தை நம்பாதீங்க, கடையிலயே வெயில்ல பேனலை மாட்டி, சார்ஜ் இறங்குன பேட்டரியில கொடுத்து, ரெண்டு பக்கமும் வோல்ட் பாத்துட்டு பணம் கொடுங்க, ரெண்டும் ஒண்ணா நின்னா வாங்காதீங்க. பில்லுல போட்டுக்குன்னு எழுதச் சொல்லுங்க, சீரியல் நம்பரோட. லெட் ஆசிட் பேட்டரியை 12.2 வோல்ட்டுக்கு கீழ விடாதீங்க, அது பாதி சார்ஜ். ஏமாந்துட்டீங்கன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க, நாகர்கோவில்ல நுகர்வோர் கோர்ட்டு இருக்கு, 5 லட்சம் வரை கொடுத்து வாங்குன பொருளுக்கு கேஸ் போட பீஸ் கிடையாது.

நான் நாளைக்கு மனு கொடுக்கேன். 78,500ஐயும் விடமாட்டேன். நீலக் கலர் டிஸ்ப்ளே, 60 ஆம்பியர்னு போட்ட லேசான பெட்டி உங்க போட்டுலயும் இருந்தா பில்லோட போட்டோ அனுப்புங்க, சேர்த்தே கொடுத்திரலாம்.