கோத்தகிரி வீட்டில் கன்சீல்டு சிஸ்டர்ன்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

"சுவருக்குள்ள இருக்கிற டேங்க் ரிப்பேர் ஆனா டைல்ஸை உடைக்கணுமே?" கழிப்பறை ஃப்ளஷ் டேங்கைச் சுவருக்குள் மறைத்து வைப்பதுதான் கன்சீல்டு சிஸ்டர்ன். எங்கள் குளியலறையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் கெபெரிட் நிறுவனம் 1964-லேயே கொண்டுவந்த முறை இது. சுவரில் பட்டன் இருக்கும் ஃப்ளஷ் பிளேட்டைக் கழற்றினால் கை நுழைய இடம் இருக்கும். தண்ணீரை மூடும் வால்வு உள்ளேயே இருக்கிறது. மிதவை, ஃப்ளஷ் வால்வு, வாஷர் எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகவே மாற்றிவிடலாம்.

கை எட்டாதவை சுவருக்குள் போகும் குழாய் இணைப்புகள்தான். அதனால் எங்கள் பிளம்பர் அண்ணன் தண்ணீரை ஏற்றிவிட்டு, டைல்ஸ் வேலைக்காரரை ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்தார். ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் சுவரை மூட விட்டார். மூடும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர். தரையைத் தொடாமல் சுவரில் தொங்கும் கழிப்பறைக் கோப்பையின் பாரத்தை அதை நம்பி விட முடியாது. தரை கான்கிரீட்டில் காலூன்றும் இரும்பு ஃபிரேம் போட்டோம். இவ்வகைக் கோப்பைகளை 400 கிலோ பாரம் வைத்துச் சோதிப்பார்கள். போல்ட்டும் ஃபிரேமும் சரியாக அமைந்தால் பயமில்லை. டேங்கைச் சுற்றியிருந்த தெர்மோகோலை வெறும் பேக்கிங் என்று கொத்தனார் பிய்க்கப் போனார். அதைத் தொடவே கூடாது. மலை ஊரில் தண்ணீர் சில்லென்று வரும்; அந்த உறை இல்லாவிட்டால் டேங்க் வியர்த்துச் சுவர் ஈரமாகும்.

உண்மையான தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். ஓடைத் தண்ணீர் கலங்கி வரும். வண்டல் வடிகட்டியை அடைத்தால் டேங்க் நிரம்ப நேரமாகும். வாஷரில் படிந்தால் கோப்பைக்குள் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகும், கண்ணுக்கே தெரியாது. டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவுதான். பங்குனி, சித்திரையில் தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் இதை விட்டுவைக்க முடியுமா? பெரும்பாலும் வாஷரைக் கழுவிப் போட்டாலே நின்றுவிடும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், ரப்பரை அரித்துவிடும்.

அப்புறம், எந்த பிராண்ட் என்பதைவிட, அதன் உதிரிப் பாகம் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கீழே போய் வர முடியாது. மாடல் எண்ணோடு ஒரு வாஷரையாவது வீட்டில் வாங்கி வையுங்கள்.