எந்தப் பதிப்பு அசல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் நிற்கும், எங்கள் பகடை உருளும். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் ஆட்டம். கூடவே பழைய சண்டையும் வரும்: அதன் எந்தப் பதிப்பில் ஆடுவது? கதை நடத்தும் கீழக்கரைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு. இளசுகளுக்கு 2014-இன் ஐந்தாம் பதிப்பு. மண்டபத்து மாப்பிள்ளை மட்டும் 2008-இன் நான்காவதை விடமாட்டார். ஆடுகளம் எல்லாருக்கும் ஒன்றுதான்: 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயம், உள்ளே காக்கா வைத்த பூதங்கள்.

முதலில் கணக்கு. இரண்டாம் பதிப்பில் கவச எண் குறையக் குறைய பாதுகாப்பு கூடும். தாக்கோ என்பது கவசம் 0 உள்ள எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் விழ வேண்டிய எண். தாக்கோ 18 உள்ள வீரன், கவசம் 5 உள்ள பூதத்தை அடிக்க 18-இல் 5 போக குறைந்தது 13 விழ வேண்டும். 2000-இல் மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது: கவசம் 15, வீரன் பகடையோடு 2 கூட்டிக்கொள்வான், அப்போதும் விழ வேண்டியது 13தான். தாக்கோ போனதோடு ஆட்டமே போச்சு என்று புலம்புவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மேஜிக் மிசைல் விஷயம் அப்படியல்ல. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது குறி தப்பாத மந்திரம், ஆனால் எண்ணிக்கை உண்டு. இரண்டாம் பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். தேவாலய வாசலிலேயே அவன் தயங்குவான்: இப்போதே விட்டுவிட்டால், உள்ளே இதைவிடப் பெருசு இருந்தால்? பக்கத்தில் நிற்கும் வீரனுக்கு அந்தக் கவலை இல்லை, வாளை வீசிக்கொண்டே இருக்கலாம். அவனுக்கு, அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி தீருமே என்ற பயம். ஆளுக்கொரு பயம் இருக்கிறதே, என்னைக் கேட்டால் ஆட்டத்தின் உயிர் அங்கேதான்.

நான்காம் பதிப்பு அதில் கைவைத்தது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. மேஜிக் மிசைலுக்குக்கூட குறிபார்த்துப் பகடை உருட்ட வேண்டும். 2010-இல் அதைத் திருத்தி மறுபடி தப்பாத மந்திரமாக்கினார்கள். எங்கே வலித்தது என்று அதிலேயே தெரிகிறது. கட்டம் போட்ட பலகையில் சண்டை என்றால் நான்காவதுக்கு ஈடில்லை, மாப்பிள்ளை சொல்வது சரிதான். ஆனால் பழைய ஆட்கள் பலர் 2009-இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். பெயர்தான் வேறு, விதிகள் மூன்றாவதைத் திருத்திய மூன்றரையாம் பதிப்பை ஒட்டியவை.

ஐந்தாவது அந்த வேறுபாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது. நான்காவதைப் போலவே சின்ன மந்திரங்களை மட்டும் அளவில்லாமல் விடலாம். என் ஓட்டு இதற்கே. ஒரு குறை: எட்டு மணி நேர நீண்ட ஓய்வில் உயிர்ப்புள்ளி முழுசாகத் திரும்பிவிடும். இரண்டாவதில் சாதாரண ஓய்வுக்கு நாளுக்கு ஒரு புள்ளிதான். காக்கா முகம் சுளிப்பது இங்கேதான், நியாயமும் உண்டு. இதற்கு 2014 கையேட்டிலேயே மாற்று விதி இருக்கிறது: குறுகிய ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் காக்கா சரி என்றார். மாப்பிள்ளைதான் இன்னும் இறங்கிவரவில்லை.