ரீப்பர்ல ஆறு வருஷம்: பாட்டை விட ஃபைலைத்தான் அதிகமா மேய்ச்சிருக்கேன்

2019ல இருந்து ரீப்பர்தான், கம்ப்யூட்டர்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்ற சாஃப்ட்வேர். அதுக்கு முன்னாடி ஆடாசிட்டி, அப்பல்லாம் அதுல டேட்டா ஃபோல்டர் பூரா துண்டு துண்டா குட்டி ஃபைலா கிடக்கும் (2021ல வந்த 3.0லதான் ஒரே ஃபைலா மாத்துனாங்க). வீட்லயே ரெக்கார்டிங், குரல், வயலின், மிருதங்கத்துக்கு ரெண்டு மைக், தம்புரா, கோரஸ்னு ஒரு பாட்டுக்கு பத்து ட்ராக் வந்துரும். ஃபீச்சர் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, நான் ஃபைல் கதையை மட்டும் சொல்றேன்.

முதல் அடி ரெண்டாவது மாசமே. ஃப்ரெண்டு ஸ்டூடியோவுல மிக்ஸ் பண்ணலாம்னு ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல போட்டுட்டு போனேன், நூத்திசொச்சம் கேபி, அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். அங்க திறந்தா ட்ராக் இருக்கு, வால்யூம் ஃபேடர் இருக்கு, வெட்டுன இடம்கூட இருக்கு, சத்தம் மட்டும் இல்ல. ஆர்பிபின்னு முடியற அந்த ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் டெக்ஸ்ட்டுங்க, நோட்பேட்லயே படிக்கலாம், எந்த வேவ் ஃபைல் (ரெக்கார்ட் பண்ணின சத்தம் இதுலதான் இருக்கு) எத்தனாவது செகண்ட்ல வரணும்னு எழுதி வெச்சிருக்கும், அவ்ளோதான். மளிகை லிஸ்ட்டை மட்டும் கொண்டுபோய் அடுப்பு பத்தவெச்ச கதை.

அதுலருந்து ரெக்கார்ட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடியே சேவ், பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். சேவ் பண்ணாம எடுத்தா எல்லாம் டாகுமென்ட்ஸ்ல ரீப்பர் மீடியாங்கிற ஃபோல்டர்ல போய் குவியும். ட்ராக்குக்கும் முதல்லயே பேர் வெச்சிடுவேன், மிருதங்கத்தோட ரெண்டு பக்கத்துக்கு "வலந்தலை", "தொப்பி"ன்னு வெச்சா ஃபைலும் அதே பேர்ல வரும், இல்லேன்னா ட்ராக் நம்பர், தேதி, நேரம்னு வரும், ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணா கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8.6 எம்பி. பத்து ட்ராக், அஞ்சு நிமிஷ பாட்டு, அஞ்சு டேக்னா ரெண்டு ஜிபி தாண்டிடும். எடிட்ல எவ்ளோ வெட்டுனாலும் ஒரிஜினல் வேவ்ல கை வைக்காது, நல்லதுதான், ஆனா டிஸ்க்கும் குறையாது. அதுக்காக, யூஸ் ஆகாத ஃபைலை அழிக்கிற க்ளீன் ப்ராஜெக்ட் டைரக்டரி போட்டேன், அதே ஃபோல்டர்ல அதே பாட்டோட இன்னொரு வெர்ஷனும் இருந்ததை மறந்துட்டேன். இப்ப திறந்திருக்கிற ப்ராஜெக்ட்ல இல்லாத ஃபைலைத்தான் அது லிஸ்ட் போடும், நான்தான் படிக்காம ஓகே அடிச்சேன். வயலின் மொத்தமா போச்சு! நல்லவேளை ரீசைக்கிள் பின்ல கிடந்துச்சு, வாசிச்சவர்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

இப்ப அந்தப் பக்கமே போறதில்ல. சேவ் ஆஸ் போய், மீடியாவையும் காப்பி பண்ணுங்கிற டிக்கைப் போட்டு வேற டிஸ்க்ல புது ஃபோல்டருக்கு அனுப்பிடுவேன், யூஸ் பண்ணின ஃபைல் மட்டும்தான் போகும். ரீபீக்ஸ்னு முடியற ஃபைலை பேக்கப்ல சேர்க்கவே வேணாம், அது வெறும் வேவ்ஃபார்ம் படம், இல்லேன்னா ரீப்பரே திரும்ப வரைஞ்சுக்கும்.