சி.என்.ஏ.வா, இ.எம்.டி.யா, ஸ்கிரைப்பா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று வேலைகளுக்குள்தான் சுற்றிவருகிறார்கள். எங்கள் ஓட்டு சி.என்.ஏ.வுக்கு, அதாவது செவிலியர் உதவியாளர் வேலைக்கு. கவர்ச்சி இல்லாத வேலைதான். ஆனால் ஷிப்டு முழுக்க நோயாளியின் பக்கத்திலேயே இருப்பீர்கள்: குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, டயப்பர் மாற்றுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. மாற்றும்போது இடுப்பில் பெல்ட் கட்டாமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும்.

மத்திய அரசு விதிப்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 160. பலர் கவனிக்காத சலுகை ஒன்று: மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிடம் பணம் பெறும் முதியோர் பராமரிப்பு இல்லம் பயிற்சி முடிந்த 12 மாதத்துக்குள் உங்களை வேலைக்கு எடுத்தால், நீங்கள் கட்டிய பயிற்சிச் செலவு திரும்பக் கிடைக்க வழி உண்டு. சேரும்போதே கேளுங்கள். தொடர்ந்து 24 மாதம் இந்த வேலையில் சம்பளம் வாங்காமல் இருந்தால் மறுபடி பயிற்சியோ தேர்வோ வேண்டியிருக்கும்.

இ.எம்.டி. என்பவர் ஆம்புலன்சில் அவசர முதலுதவி செய்பவர். இதற்கான பயிற்சி அந்த 75 மணி நேரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளம், முடிவில் தேர்வும் உண்டு. சைரன் ஒலிக்கும் வேலை என்று நம்பிச் சேர்பவர்களுக்கு முதலில் வாய்ப்பது பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்குவது. அதுவும் நல்ல அனுபவமே. வண்டியில் அவரோடு பேச நேரம் கிடைக்கும். சிக்கல், 12 அல்லது 24 மணி நேர ஷிப்டு கல்லூரி ஆய்வக வகுப்போடு மோதும்.

ஸ்கிரைப் மருத்துவர் பக்கத்தில் நின்று குறிப்பெழுதுபவர். நோயை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நோயாளியைத் தொடுவதே இல்லை. அதனால் இதைத் தனியாக நம்பாதீர்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே சம்பள வேலை செய்யக் கூடாது. அவர்களுக்கு ஹாஸ்பிஸில், அதாவது வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இடத்தில், தன்னார்வப் பணி பொருந்தும்.

எதில் சேர்ந்தாலும் வாரந்தோறும் மணிக்கணக்கை எழுதிவையுங்கள். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் அனுபவங்களுக்கு 15 பதிவுகள்தான். ஒவ்வொன்றுக்கும் விவரிக்க 700 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. சரிபார்க்க ஒருவர் பெயரும் கேட்பார்கள். பராமரிப்பு இல்லங்களில் மேற்பார்வையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அதை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.